மூச்சுக்காற்று சொல்லும் சாட்சியம்

(தொழிலாளர் படிப்பு வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், நாம் வெளியே விடும் மூச்சு. ஒரு மனிதன் ஒரு நாளைக்குச் சுமார் இருபதாயிரம் தடவை மூச்சு விடுகிறான். பிராணவாயு உள்ளே போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நம்மில் பெரும்பாலோர் அந்த விஷயத்தை விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த மூச்சுக்காற்றில் நம் உடம்பின் நிலையைப் பற்றிய சாட்சியம் இருக்கிறது. நாம் வேலை செய்யும் இடத்தின் காற்றைப் பற்றிய சாட்சியமும் இருக்கிறது. அதைப் படித்தறிய விஞ்ஞானிகள் கையாளும் சாதனங்களில் விசேஷமான ஒன்று புரதம். பருப்பிலும் முட்டையிலும் இருப்பதாகச் சொல்கிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்த பொருள்தான்.

புரதத்தைக் கொண்டு வாயுவைக் கண்டுபிடிப்பது எப்படி? அதில் எவ்வளவு தூரம் வெற்றி கிடைத்திருக்கிறது? அந்த வெற்றி உழைக்கும் ஜனங்களுக்கு எந்த அளவு பயன்படும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண முயல்வோம்.

மூச்சில் என்ன இருக்கிறது?

நாம் உள்ளே இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. வெளியே விடும்போது அது சுமார் 16 பங்காகக் குறைகிறது. உள்ளே போகும்போது நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கரியமில வாயு, வெளியே வரும்போது 4 முதல் 5 பங்காகிறது. மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன், அதோடு நீராவி. கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் முடியவில்லை.

1971-ஆம் வருஷம் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும் மூச்சுக்காற்றைக் குளிரவைத்துச் சேகரித்து, அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தார்கள். ரசாயனத்துக்கும் சமாதானத்துக்கும் இரண்டு நோபல் பரிசு பெற்றவர் இந்தப் பாலிங். அவர்கள் கண்டது சுமார் 250 பொருள்கள். இன்று அந்தப் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

இவை எப்படி மூச்சுக்கு வந்து சேருகின்றன? நம் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு வரும். ஒரு சிறு வீட்டின் தரையளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பரப்பு முழுவதிலும், மிக மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கத்தில் இரத்தம் ஓடுகிறது. உடம்பின் எந்த மூலையில் பிறந்த பொருளானாலும், அது ஆவியாகக் கூடியதாக இருந்தால், இரத்தத்தோடு வந்து அந்த மெல்லிய சுவரைக் கடந்து மூச்சில் கலந்துவிடுகிறது. ஊசி குத்தி இரத்தம் எடுக்காமலே இரத்தத்தின் செய்தியை அறிய இதனால் வழி பிறக்கிறது.

ஆனால் அளவுதான் மிகச் சொற்பம். சில பொருள்கள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சில, நூறு கோடியில் ஒரு சில பங்கு. நூறு கோடியில் ஒன்று என்றால் என்ன? ஒரு அரிசி மணி 20 மில்லிகிராம் எடை என்று வைத்துக்கொண்டால், நூறு கோடி அரிசிக்கு 100 கிலோ மூட்டைகள் 200 வேண்டும். இருநூறு மூட்டை அரிசியில் கிடக்கும் ஒரே ஒரு கறுப்பு அரிசியைத் தேடி எடுக்கிற வேலை அது. அதுவும் நோயாளி ஒரு மூச்சு விட்டு முடிக்கும் நேரத்துக்குள் எடுக்க வேண்டும்!

சுரங்கத்தில் தொடங்கிய கதை

இந்த வேலைக்குப் புரதத்தை அமர்த்தலாம் என்பது நேற்று முளைத்த யோசனை அல்ல. அது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பிணங்களிடையே வளர்ந்த விஞ்ஞானம்.

1896 ஜனவரியில் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடி விபத்து நேர்ந்தது. 57 தொழிலாளர்கள் மாண்டார்கள். இப்படிப்பட்ட விபத்துகளில் வெடியின் அதிர்ச்சியாலும் தீயாலுமே சாவு நேருகிறது என்பதுதான் அந்நாளில் பரவலாக இருந்த எண்ணம். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் விஞ்ஞானி அங்கே போய்ப் பிணங்களைப் பரிசோதித்தார். பலருடைய உடம்பில் இளஞ்சிவப்பு நிறம் படிந்திருந்தது. இரத்தத்தைச் சோதித்தார். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடியல்ல. வெடிக்குப் பின் சுரங்கத்தில் பரவிய கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது வந்திருப்பதே தெரியாது. வெடியில் தப்பியவர்களும் அந்த வாயுவில் மாண்டார்கள் என்றால், வாயுவை முன்கூட்டி அறியும் வழியும், தப்பிச் செல்லும் வழியும் இருந்தால் அவர்களில் பலரைக் காப்பாற்றலாம் என்பதுதானே அர்த்தம்? அந்த வருஷமே அவர் பிரிட்டிஷ் சர்க்காருக்கு அளித்த அறிக்கை இதைத்தான் எடுத்துக் காட்டிற்று.

ஹால்டேன் நிறத்தை வைத்து எப்படித் தீர்மானித்தார்? நம் இரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. அதில் இரும்பு அணுக்கள் உண்டு. நுரையீரலில் பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு போய்த் திசுக்களில் இறக்கிவிடும் சுமைதூக்கி அது. ஆனால் கார்பன் மோனாக்ஸைடு வந்தால், பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பற்றிக்கொள்கிறது. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு அந்த வாயு இருந்து, அதை நெடுநேரம் சுவாசித்தால் போதும். இரத்தத்திலுள்ள சுமைதூக்கிகளில் ஏறக்குறையப் பாதி, பிராணவாயுவுக்குப் பயனில்லாமல் போய்விடும். அப்போது இரத்தத்தின் நிறமும் மாறுகிறது.

இந்த நிறமாற்றத்தையே ஹால்டேன் அளவுகோலாக ஆக்கினார். அதற்கு முந்தின வருஷமே, அதாவது 1895-இல், அவர் ஒரு முறையை வெளியிட்டிருந்தார். நீர் கலந்த இரத்தத்தைச் சந்தேகத்துக்குரிய காற்றோடு சேர்த்துக் குலுக்குவது; அதில் தோன்றும் சிவப்பைச் சாயக் கரைசலோடு ஒப்பிட்டு, காற்றில் எவ்வளவு நச்சு வாயு இருக்கிறது என்று கணக்கிடுவது. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரு புரதம், ஒரு வாயு, ஒரு நிறமாற்றம், ஒரு கணக்கு. இன்றைய நுட்பமான உணர்கருவிகளிலும் பலவற்றின் அடிப்படை இதுதான்.

சிறிய பிராணிகளுக்கு நச்சு வாயு சீக்கிரம் ஏறிவிடும் என்பதால், எலியையோ சிறு பறவையையோ சுரங்கத்துக்குள் கொண்டுபோகும்படி யோசனை சொன்னவரும் ஹால்டேன்தான். கானரிக் குருவிகள் பிரிட்டிஷ் சுரங்கங்களில் காவல் காத்தது இப்படித்தான். மின்னணுக் கருவிகள் வந்து 1986-இல்தான் அந்தக் குருவிகளுக்கு ஓய்வு கிடைத்தது.

இந்த ஹால்டேன் தன் சிறு மகனையும் சுரங்கத்துக்குள் அழைத்துப் போவாராம். கூரைப் பக்கம் மீத்தேன் வாயு தங்கியிருந்த ஓரிடத்தில் அவனை நிமிர்ந்து நிற்கவைத்து, ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் வரும் ஆண்டனியின் பிரசங்கத்தை ஒப்பிக்கச் சொன்னார். பையன் சில வரிகளுக்குள் மூச்சுத் திணறிக் கீழே விழுந்தான். கனம் குறைந்த மீத்தேன் மேலேயே தங்கியிருக்க, தரையோரக் காற்று நன்றாக இருந்தது, தெளிந்து எழுந்தான். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஜே.பி.எஸ். ஹால்டேன். பல வருஷங்கள் 'டெய்லி வொர்க்கர்' பத்திரிகையில் தொழிலாளர்களுக்கு விளங்கும்படி விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர். 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்த நாட்டுப் பிரஜையாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

பூட்டும் சாவியும்

புரதம் ஏன் இவ்வளவு துல்லியமாக ஒரு வாயுவை அடையாளம் கண்டுகொள்கிறது? புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு துண்டுகள் கோத்த நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி தாறுமாறாகக் கிடப்பதில்லை. தனக்கே உரிய முறையில் மடிந்து சுருண்டு ஒரு வடிவம் பெறுகிறது. அந்த மடிப்புக்குள் ஒரு பொந்து. அந்தப் பொந்தில் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை அதன் வடிவமும் அங்குள்ள அணுக்களும் தீர்மானிக்கின்றன. ஹீமோகுளோபினின் வடிவத்தை மாக்ஸ் பெருட்ஸ் இருபது வருஷங்களுக்கு மேல் பாடுபட்டுக் கண்டறிந்தார். 1962-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உலோகத் தகட்டாலும் ரசாயனப் பூச்சாலும் செய்யும் பல வாயுக் கருவிகள், ஒன்றைப் போலிருக்கும் இன்னொன்றையும் பிடித்து ஏமாந்துவிடும். புரதமோ, கோடிக்கணக்கான வருஷப் பரிணாமத்தில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று பண்பட்டது. அதனால்தான் விஞ்ஞானிகள் அதை நாடுகிறார்கள்.

ஆஸ்துமாவின் அடையாளம்

இப்போது மூச்சில் உள்ள ஒரு வாயுவை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் நைட்ரிக் ஆக்ஸைடு. மோட்டார் வண்டிப் புகையில் வரும் மாசு என்றுதான் நெடுங்காலம் அதை நினைத்திருந்தார்கள். ஆனால் நம் உடம்பே அதை உண்டாக்குகிறது. இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதற்கு அதைப் பயன்படுத்துகிறது. இந்த உண்மையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

1991-இல் மனிதன் வெளியே விடும் மூச்சில் இந்த வாயு இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 1993-இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சில் அது கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். காரணம் என்ன? ஆஸ்துமாவில் பலருக்கு மூச்சுக்குழாயின் உட்சுவர் ஒருவித அழற்சியால் புண்பட்டுக் கிடக்கிறது. அந்த அழற்சி நிலையில் சுவரின் செல்கள் நைட்ரிக் ஆக்ஸைடை அதிகமாக உற்பத்தி செய்கின்றன.

இது ஏன் முக்கியம்? இழுப்பு வந்த குழந்தைக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தால் உடனே சுகம் தெரியும். தாயும் நிம்மதி அடைவாள். ஆனால் உள்ளே அழற்சி அப்படியே இருக்கும். அழற்சியை ஆற்றும் மருந்து வேறு. சுகம் தரும் மருந்தை மட்டும் நம்பியிருப்பது உயிருக்கே ஆபத்து. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அப்படித் தனியே கொடுக்கக் கூடாது என்று 2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவினர் திட்டமாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே, அழற்சி இருக்கிறதா, மருந்துக்கு அது அடங்குகிறதா என்று மூச்சிலேயே பார்க்க முடியுமானால், அது எவ்வளவு பெரிய உதவி!

அளவு என்ன தெரியுமா? அமெரிக்க மார்பு நோய் நிபுணர்கள் 2011-இல் வகுத்த வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு. 50-க்கு மேலே போனால் அதிகம். குழந்தைகளுக்கு 20-க்குக் கீழே குறைவு, 35-க்கு மேலே அதிகம். இருநூறு மூட்டை அரிசியில் 25 கறுப்பு அரிசியா, 50 கறுப்பு அரிசியா என்று எண்ணிச் சொல்ல வேண்டும்!

கண்ணாடிக்குள் ஒரு புரதம்

இதற்கு ஹால்டேனைப் போல ஹீமோகுளோபினைப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மூச்சில் பிராணவாயு நூற்றுக்கு 16 பங்கு. நூறு கோடிக்கு என்று கணக்கிட்டால் 16 கோடி. தேடுவதோ 25. ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றும் குணமுடையது. பதினாறு கோடிப் பேர் முட்டி மோதும் வாசலில், 25 பேரை எப்படி அடையாளம் காண்பது?

இங்கேதான் இன்னொரு புரதம் துணைக்கு வருகிறது. அதன் பெயர் சைட்டோகுரோம் சி. நம் செல்களுக்குள் சக்தி உற்பத்தியில் பங்கு கொள்ளும் சிறிய புரதம். சுமார் நூறு அமினோ அமிலங்கள்தான். அதிலும் இரும்பு உண்டு. அந்த இரும்பை ஒரு எலெக்ட்ரானை இழந்த நிலையில் வைத்தால், அது பிராணவாயுவைப் பற்றுவதில்லை. கார்பன் மோனாக்ஸைடையும் பற்றுவதில்லை. ஆனால் நைட்ரிக் ஆக்ஸைடைப் பற்றுகிறது. பற்றியதும், அது உறிஞ்சும் ஒளியின் நிறம் சற்றே நகர்கிறது. சுத்தமான வாயுவைச் செலுத்தினால், பற்றியதை விட்டுவிட்டுப் பழைய நிலைக்கும் திரும்புகிறது. அதாவது, ஒரே கருவியை மறுபடியும் பயன்படுத்தலாம்.

ஆனால் புரதத்தை எங்கே வைப்பது? முட்டை வெந்து கெட்டியாவதைப் பார்த்திருக்கிறோம். அது புரதத்தின் மடிப்பு குலைவதால் நேருவது. வெப்பம், வறட்சி, அமிலம் என எதிலும் அது குலையக் கூடும். மடிப்பு குலைந்தால் பொந்தும் போயிற்று, கருவியும் போயிற்று.

இதற்குக் கண்ட வழி ஆச்சரியமானது. சாதாரணக் கண்ணாடியை உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்கிச் செய்கிறார்கள். ஆனால் சிலிக்கான் கலந்த ஒருவகைத் திரவத்தை நீரோடு சேர்த்து, அறையின் சாதாரண வெப்பத்திலேயே உறையவைத்தும் கண்ணாடி போன்ற பொருளைப் பெறலாம். அது உறைந்துகொண்டிருக்கும்போது புரதத்தைச் சேர்த்தால், புரதத்தைச் சுற்றிக் கண்ணாடி வலை பின்னிக்கொள்கிறது. வலையின் துவாரங்கள் புரதம் வெளியேற முடியாத அளவு சிறியவை. வாயு உள்ளே வந்துபோகும் அளவு பெரியவை. கண்ணாடி தெளிவாக இருப்பதால், உள்ளே நடக்கும் நிறமாற்றத்தை ஒளி செலுத்திப் பார்க்கலாம். 1992-இல் லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சைட்டோகுரோம் சி உள்ளிட்ட மூன்று புரதங்களை இப்படிக் கண்ணாடிக்குள் அடைத்து, அவை செயலிழக்காமல் இருப்பதைக் காட்டினார்கள். 1995-இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்லியாப் பல்கலைக்கழகத்தினர் இதே முறையில் நைட்ரிக் ஆக்ஸைடையும் கார்பன் மோனாக்ஸைடையும் கண்டறியும் உணர்கருவிகளுக்கு வழி வகுத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன் ஹால்டேனின் புட்டியில் கண்ட நிறமாற்றம், இப்போது ஒரு கண்ணாடிச் சில்லுக்குள் வந்துவிட்டது!

அப்படியானால் வேலை முடிந்ததா? இல்லை. மூச்சுக்காற்று ஈரம் நிறைந்தது, வெதுவெதுப்பானது. அந்த ஈரம் கண்ணாடி வலையைச் சற்று ஊதவைக்கிறது, உலர்ந்தால் சுருங்குகிறது. வெப்பம் மாறினாலும் ஒளியின் அளவு மாறுகிறது. நாளாக ஆகப் புரதமும் தளர்கிறது. இவற்றை விலக்கி, எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஒரே அளவைச் சொல்லும்படி செய்வதில்தான் பெரும் உழைப்பு அடங்கியிருக்கிறது. ஆகவேதான் இன்று ஆஸ்பத்திரிகளில் நைட்ரிக் ஆக்ஸைடை அளக்கப் பரவலாக உள்ள கைக்கருவிகள், புரதம் இல்லாமல் மின்சார ரசாயன முறையில் இயங்குகின்றன. ஆராய்ச்சிசாலையில் ஒன்று நடந்துவிட்டது என்ற செய்தி வந்தவுடனே, நாளைக்கே நம் ஊர் வைத்தியசாலைக்கு வந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது.

பசித்தவனின் மூச்சு

இன்னொரு உதாரணம். நீரிழிவு முற்றிய சிலருடைய மூச்சில் பழவாடை வீசுவதை வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அசிட்டோன் என்னும் பொருளின் வாடை அது. இன்சுலின் இல்லாததால் உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல், கொழுப்பை எரிக்கிறது. அந்த எரிப்பில் பிறக்கும் பொருள்களில் ஒன்று அசிட்டோன்.

டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கோஜி மிட்சுபயாஷி என்பவரின் குழுவினர் இதைப் பிடிக்க ஒரு என்ஸைமை அமர்த்தினார்கள். என்ஸைமும் ஒரு புரதம்தான். ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் புரதம். இந்த என்ஸைம் அசிட்டோனை ஒருவகை ஆல்கஹாலாக மாற்றும்போது, கூடவே ஒரு துணைப் பொருளையும் செலவழிக்கிறது. அந்தத் துணைப் பொருள் புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் குணமுடையது. அசிட்டோன் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு ஒளி மங்கும். மங்கிய அளவைக் கொண்டு அசிட்டோனைக் கணக்கிடுகிறார்கள். ஆரோக்கியமான மனிதரின் மூச்சில் அது பெரும்பாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதையும் இக்கருவி அளக்கிறது.

ஆனால் தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். கொழுப்பு எரிவது நீரிழிவில் மட்டுமா? பட்டினி கிடப்பவனின் உடம்பும் தன் கொழுப்பையே எரிக்கிறது. அவன் மூச்சிலும் அசிட்டோன் ஏறுகிறது. இன்சுலின் கிடைக்காத நோயாளியும், சோறு கிடைக்காத கூலியாளும் ஒரே வாயுவைத்தான் வெளியே விடுகிறார்கள்! புரதம் பொய் சொல்லவில்லை. அசிட்டோன் இருக்கிறதா என்று கேட்டோம், இருக்கிறது என்றது. ஏன் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள, "நேற்று இரவு சாப்பிட்டாயா?" என்று ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கேட்க வேண்டும்.

நைட்ரிக் ஆக்ஸைடிலும் இப்படித்தான். புகைபிடிப்பவர்களின் மூச்சில் அது குறைந்து காட்டும். கீரை போன்ற உணவுக்குப் பின் கூடிக் காட்டலாம். ஒவ்வாமையால் மூக்கொழுகுபவருக்கும் கூடலாம். மூக்கை அடுத்த எலும்புப் பொந்துகளில் அந்த வாயு ஏராளமாக இருப்பதால், மூக்குக் காற்று கலக்காதபடி, வாயால் ஒரே சீராகச் சுமார் பத்து விநாடி ஊத வேண்டும். 2024 நவம்பரில் பிரிட்டனில் வெளியான வழிகாட்டுதல், பெரியவர்களில் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆஸ்துமா என்று உறுதி செய்யலாம் என்கிறது. ஆனால் நோயின் வரலாறும் அறிகுறிகளும் பொருந்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சொல்கிறது.

கொசுவிடம் கற்ற பாடம்

இனி ஆராய்ச்சி எந்தத் திசையில் போகிறது என்று பார்ப்போம். இருட்டில் நம்மைத் தேடி வரும் கொசு எதை வைத்து வருகிறது? மூச்சிலுள்ள கரியமில வாயுவையும், நம் உடம்பின் வாடைகளையும் வைத்து வருகிறது. அதன் உணர்கொம்புகளில் வாசனையைப் பிடிக்கும் புரதங்கள் இருக்கின்றன. வாசனைப் பொருள் ஒட்டியதும் அந்தப் புரதம் கதவு போலத் திறந்து, மின்னூட்டம் பெற்ற அணுக்களை உள்ளே விடுகிறது.

டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் அந்தப் புரதத்தை, சோப்புக் குமிழியின் தோலைப் போன்ற மெல்லிய கொழுப்புப் படலத்தில் பதித்து, செயற்கை மூக்கு ஒன்றைச் செய்தார்கள். ஈரல் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம் என்று கருதப்படும் ஆக்டெனால் என்னும் பொருளை மனித மூச்சில் கலந்து சோதித்தார்கள். நூறு கோடியில் அரைப் பங்கு இருந்தாலும் கருவி கண்டுகொண்டது! 2021-இல் இது வெளியாயிற்று. நோயாளிகளிடம் பரந்த அளவில் சோதித்து நிரூபிக்கும் கட்டம் வேறு. அது நெடும் பாதை. என்றாலும், கொசுவின் புரதம் மனிதனின் உயிர் காக்கும் வேலைக்கு வரக் கூடும் என்ற நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது.

சாட்சியம் யாருக்காக?

கடைசியாக, நம்முடைய கேள்விக்கு வருவோம். கார்பன் மோனாக்ஸைடை மூச்சில் அளந்தால், அவன் புகைபிடிக்கிறானா என்று தெரியும். பீடி சிகரெட் தொடாதவனின் மூச்சில் அது ஏறியிருந்தாலோ, அவன் வேலை செய்யும் உலைக்கூடத்தின் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். சில மணி நேரத்தில் அந்த வாயு உடம்பில் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே வேலை முடிந்து போகும் நேரத்திலேயே அளந்தாக வேண்டும். அளந்த கணக்கை யார் வைத்திருப்பது? தொழிலாளி பார்க்கலாமா? புகைபோக்கியைச் சரிசெய்ய அது பயன்படுமா, அல்லது "உனக்கு உடம்பு சரியில்லை, நாளை முதல் வராதே" என்று சொல்லப் பயன்படுமா? இதை எந்தப் புரதமும் தீர்மானிக்காது.

ஆகவே புதிய கருவி ஒன்று வருகிறது என்றால், நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. முதலாவது: அது எந்த வாயுவை அளக்கிறது, அந்த வாயு வேறு எந்தக் காரணத்தால் கூடும் அல்லது குறையும்? இரண்டாவது: ஈரத்திலும் வெயிலிலும், நம் ஊர்ச் சூழ்நிலையிலும் அதன் அளவு மாறாமல் இருக்கிறதா, எத்தனை நாளுக்கொருமுறை சரிபார்க்கிறார்கள்? மூன்றாவது: ஒரு சோதனைக்கு எவ்வளவு செலவு? இன்றைய கைக்கருவிகளில் உணர்பகுதி குறிப்பிட்ட எண்ணிக்கைச் சோதனைகளுக்குப் பின் தீர்ந்துவிடும். புதிது வாங்க வேண்டும். கருவியைத் தானமாகக் கொடுத்துவிட்டு, அதற்கு உணர்பகுதி வாங்கப் பணம் ஒதுக்காவிட்டால், கருவி அலமாரியில்தான் தூங்கும். நான்காவது: சோதனையின் முடிவு யார் கையில் இருக்கும்?

இந்த நான்கையும் கேட்பது விஞ்ஞானத்தின்மேல் அவநம்பிக்கை கொள்வதாகாது. ஹால்டேன் செய்தது இதைத்தான். சுரங்கத்தில் ஏன் செத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும் என்றிருந்த காலத்தில், மறுபடியும் கேட்டார். தானே அந்த நச்சு வாயுவைச் சுவாசித்துத் தன் இரத்தத்தைப் பரிசோதித்தார். அப்படிக் கேட்டதனால்தான், அதற்குப் பின் சுரங்கத்தில் இறங்கிய எத்தனையோ பேர் உயிரோடு மேலே வந்தார்கள்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இழுப்பால் அவதிப்படும் குழந்தை இருந்தால், மூச்சுக் கருவி வரும் வரை காத்திருக்க வேண்டாம். அழற்சியை ஆற்றும் உறிஞ்சு மருந்து தரப்படுகிறதா என்று டாக்டரைக் கேளுங்கள். அது இன்றே செய்யக் கூடியது. கண்ணாடிக்குள் அடைத்த புரதம் நாளை வந்து சேரும்போது, அந்த மருந்து வேலை செய்கிறதா என்று இன்னும் தெளிவாகச் சொல்லும். அது பணம் படைத்தவன் குழந்தைக்கு மட்டும் சொல்லாமல், எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லும்படி செய்வது நம் பொறுப்பு.